வியாபாரத் தேக்கமும் தவக்குலும்



வியாபாரிக்கு வரும் சோதனைகளில் நஷ்டம் ஒன்று, தேக்கம் மற்றொன்று. நஷ்டம் நெருப்புப் போல வரும். ஊரார் ஓடி வருவார்கள். தண்ணீர் ஊற்றப் பத்துக் கைகள் நீளும். தேக்கமோ சுவரில் ஏறும் ஈரம் போல வரும். எந்த ஒரு நாளிலும் அது பெரிதாகக் கண்ணுக்குப் புலப்படாது. கடை திறந்திருக்கிறது. விளக்கு எரிகிறது. கல்லாவில் காசு புரள்கிறது. ஆயினும் வாரந்தோறும் வந்த வாடிக்கைக்காரர் மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். சென்ற நோன்புப் பெருநாளுக்கு இறக்கிய சரக்கு இந்தப் பெருநாளுக்கும் அலமாரியிலேயே இருக்கிறது. மாதக் கடைசியில் வாடகைப் பணத்துக்காக இரண்டு பேரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இப்படியே ஆறு மாதம், ஒரு வருடம் என்று போன பிறகு, "என்ன நானா, வியாபாரம் எப்படி?" என்று யாரேனும் கேட்டால், "ஏதோ, அல்லாஹ் கிருபையில் ஓடுகிறது" என்று சொல்லப் பழகிவிடுகிறோம்.

சொல்லில் குற்றமில்லை. எல்லாம் அவன் கிருபைதான். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது? ஈமானிலிருந்து வருகிறதா? அல்லது கணக்கைப் பார்க்க அஞ்சும் மனம் தனக்குப் போட்டுக்கொள்ளும் திரையாக வருகிறதா? பொறுமை எது, சோம்பல் எது? எதுவரையில் காத்திருப்பது தவக்குல்? எந்த இடத்தில் அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாக மாறுகிறது? வியாபாரத்தில் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் ஒரு நாளாவது நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. அவற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

நசீபு என்னும் சொல்

தேக்கம் வந்த கடைகளில் வழக்கமாக மூன்று பேச்சுக்களைக் கேட்கலாம். "நம் நசீபு அவ்வளவுதான்" என்பது ஒன்று. "யார் கண் பட்டதோ!" என்பது மற்றொன்று. "காலம் கெட்டுப்போய்விட்டது" என்பது மூன்றாவது. இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமை இருப்பதைக் கவனியுங்கள். நசீபு மேலிருந்து வருகிறது. கண் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. காலம் எங்கிருந்தோ வருகிறது. பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் மனிதனைத் தவிர மற்ற அனைவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டுவிடுகிறார்கள்.

ரிஸ்கை அளப்பவன் அல்லாஹ். கூட்டுபவனும் குறைப்பவனும் அவனே. இதில் எந்த முஸ்லிமுக்கும் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. ஆனால் அதே நம்பிக்கையை நமக்குக் கற்றுத்தந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை எப்படிக் கைக்கொள்வது என்பதையும் கற்றுத்தந்திருக்கிறார்கள். தம் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வை நம்பலாமா என்று கேட்ட ஒருவருக்கு, முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு நம்பும்படி அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. பறவைகளுக்கு அல்லாஹ் உணவளிப்பதை எடுத்துக்காட்டிய ஹதீஸும் நாம் பலமுறை கேட்டதுதான். அந்தப் பறவை காலையில் பசித்த வயிற்றோடு வெளியே பறந்து போகிறது. மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகிறது. கூட்டிலேயே இருந்துகொண்டு வயிறு நிரம்பியதாகச் சொல்லப்படவில்லை.

திருமறையின் ஜும்ஆ அத்தியாயம் தொழுகைக்கு அழைக்கப்படும்போது வியாபாரத்தை விட்டுவிடச் சொல்கிறது. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்லுவதும் அதே அத்தியாயம்தான். பள்ளிக்குள் போவதும் கட்டளை. பள்ளியிலிருந்து சந்தைக்குப் போவதும் கட்டளை. கடையில் யாசீன் ஓதுவதும், பாத்திஹா ஓதி துஆச் செய்வதும் நம் வழக்கம். அதை வேண்டாமென்று சொல்லவில்லை. ஓதி முடித்த கையோடு பேரேட்டையும் திறக்க வேண்டும் என்றே சொல்லுகிறோம்.

காலத்தின் தேக்கம், மனிதனின் தேக்கம்

"காலம் கெட்டுவிட்டது" என்னும் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. நம் முன்னோர் இக்கரைக்கு வந்து கடை வைத்த நாள்முதல் காலம் பலமுறை அவர்களைத் தள்ளிவிட்டிருக்கிறது. 1963இல் இந்தோனேசியாவுடன் மோதல் எழுந்தபோது, அந்நாட்டுத் தீவுகளோடு நடந்த வணிகம் துண்டிக்கப்பட்டு, 1966 வரை எத்தனையோ கடைகள் சரக்கும் வாடிக்கையும் இன்றித் தவித்தன. 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுக நிலையை இழந்தது. 1980களில் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பற்றியது; அத்துடன் தமிழ்நாட்டுக்கும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கும் இடையே பயணிகள் கப்பலில் போய்வந்த ஒரு நீண்ட காலம் முடிவுக்கு வந்தது. கப்பலேறுவோர் வாங்கும் பெட்டியையும் போர்வையையும் நம்பியிருந்த வியாபாரம் அதனோடு ஓய்ந்தது. நம்மவர் பலர் நாணயம் மாற்றியும் பொருள் விற்றும் பிழைத்த சிங்கப்பூரின் பழைய சேஞ்ச் ஆலி 1989இல் மூடப்பட்டது. மலேசியாவில் பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999ஆம் ஆண்டு இறுதியோடு நீங்கியது. ஜார்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த கடைக்காரர்கள் 2000ஆம் ஆண்டில் புதிய வாடகையைக் கண்டு திகைத்து நின்றார்கள்.

2020ஐ மறக்க முடியுமா? அவ்வாண்டு மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஏப்ரல் 7 முதல் சிங்கப்பூரிலும் பெரும்பாலான கடைகள் அடைக்கப்பட்டன. ஜொகூர்ப் பாலத்தில் நாள்தோறும் போய்வந்த கூட்டம் நின்றது. பயணியே இல்லாத ஊரில் நாணய மாற்று வியாபாரி யாருக்கு நாணயம் மாற்றுவார்?

இவையெல்லாம் காலத்தின் தேக்கம். இவற்றில் எந்தக் கடைக்காரர் மீதும் குற்றமில்லை. ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒரே தெருவில், ஒரே தொழிலில், ஒரே அடியை வாங்கிய இருவரில் ஒருவர் எழுந்து நடக்கிறார். மற்றவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடுகிறார். காலம் இருவருக்கும் பொதுவாக இருந்ததே! அப்படியானால் காலத்தின் தேக்கம் வேறு. மனிதனின் தேக்கம் வேறு. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது நம் கையில்தான் இருக்கிறது.

பினாங்கில் நாசி கண்டார் தொழில் வளர்ந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். தோளில் காவடித் தண்டைச் சுமந்து, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் கறியுமாகத் தெருத்தெருவாக நடந்து, உழைப்பாளிகளுக்கு விற்றதில் தொடங்கிய தொழில் அது. தோளில் சுமக்கும் காலம் போனபோது அவர்கள் தண்டைக் கீழே வைத்தார்கள். கறியைக் கீழே வைக்கவில்லை. ஒட்டுக்கடையில் விற்றார்கள், பிறகு உணவகம் வைத்தார்கள். தம் தொழில் தண்டு அன்று, சோறும் கறியும்தான் என்பதை அறிந்திருந்தார்கள். நாமோ பல வேளைகளில் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதையே தொழில் என்று எண்ணிவிடுகிறோம். வாப்பா உட்கார்ந்த அதே நாற்காலி, வாப்பா வைத்த அதே சரக்கு, வாப்பா கடையடைத்த அதே நேரம். வாப்பாவுக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் வாப்பா இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது அவர் செய்தது அத்தனையும் அவருக்குப் புதியதாக இருந்ததல்லவா?

கல்லாவில் இருப்பது யார் பணம்?

இனி, தேக்கத்தில் மறைந்திருக்கும் ஆபத்துக்கு வருவோம். அதை விளக்க ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது யாருடைய கடையும் அன்று. எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

ஒரு துணிக்கடை. மாத விற்பனை 30,000 ரிங்கிட். நூற்றுக்கு 25 லாபம். அப்படியானால் மாதத்தில் கிடைக்கும் லாபம் 7,500 ரிங்கிட். கடை வாடகை 4,000; இரண்டு சிப்பந்திகளின் சம்பளம் 4,000; மின்சாரம் முதலியவை 1,000. ஆக, செலவு 9,000. இங்கேயே 1,500 துண்டு விழுகிறது. முதலாளி வீட்டுச் செலவுக்கு மாதம் 3,000 எடுக்கிறார். மொத்தத்தில் மாதம் 4,500 ரிங்கிட் குறைகிறது. வருடத்தில் 54,000.

இந்த 54,000 எங்கிருந்து வருகிறது? முதலாளிக்கே தெரியாது! ஏனெனில் அவர் கல்லாவைத் திறக்கும்போதெல்லாம் பணம் இருக்கிறது. மாதம் 30,000 புரளும் பெட்டியில் 4,500 குறைவது எப்படிக் கண்ணில் படும்? ஆனால் அந்த 30,000இல் 22,500 சரக்கின் அசல். மொத்த வியாபாரி கடனுக்குக் கொடுத்த துணியின் விலை. கடைக்காரர் அந்த அசலிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரு பிடி எடுத்து வாடகையும் கட்டுகிறார், அரிசியும் வாங்குகிறார். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய தவணை முதலில் ஒரு வாரம் தள்ளிப் போகிறது, பிறகு ஒரு மாதம், பிறகு, "அடுத்த பெருநாளுக்குப் பார்த்துக்கொள்வோம்."

இந்த நிலைக்குத்தான் சிலர் பொறுமை என்று பெயர் சூட்டுகிறார்கள்.

திருமறையிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை நினைவுகூருங்கள். பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும், அதற்குச் சாட்சி வைப்பதையும், சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படையாமல் இருப்பதையும் பற்றியது. ஆகவே, பேரேடு எழுதுவதும் தீனுக்கு உட்பட்ட காரியம்தான்.

ஸகாத்தும் அப்படியே. வருடம் நிறைந்ததும் வியாபாரச் சரக்குக்கு மதிப்புப் போட்டு, நிஸாப் அளவை அடைந்தால் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும் என்பது நாம் அறிந்த சட்டம். அந்த மதிப்பு, நாம் வாங்கிய விலை அன்று. அன்றைய சந்தை விலை. எத்தனை நுட்பமான ஏற்பாடு! மேலே சொன்ன துணிக்கடையில் 35,000 ரிங்கிட்டுக்கு வாங்கிய துணி ஒரு வருடத்துக்கு மேலாக அசையாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அது 15,000 ரிங்கிட்டுக்குத்தான் போகும். முதலாளியின் மனத்தில் அது இன்னும் 35,000. அவர் மனக்கணக்கில் செல்வர். அலமாரிக் கணக்கில் வேறு ஆள். ஸகாத்துக் கணக்கை ஒழுங்காகப் போடுபவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த மனக்கணக்கை விட்டு இறங்கி, அந்தத் துணிக்கு 15,000 என்று எழுதியே ஆக வேண்டும். ஏழைகளுக்கு உரிய 375 ரிங்கிட்டைக் கணக்கிடும் வேளையில் தம் கடையின் உண்மை நிலையையும் அவர் தெரிந்துகொள்கிறார். கணக்குப் போடாமல் ரமலானில் ஏதோ ஒரு தொகையைக் கொடுத்துவிடுபவர், ஏழைக்கும் குறை செய்யக்கூடும். தமக்கும் ஒரு கண்ணாடியை இழந்துவிடுகிறார்.

இதை எழுதுபவனும் ஒரு காலத்தில் பேரேட்டை மேசை அறைக்குள் வைத்துப் பூட்டியவன்தான். பூட்டிய பேரேட்டில் கடன் குறைவதில்லை என்பதைத் தாமதமாகவே அறிந்தேன்.

பொறுமைக்கு ஓர் உரைகல்

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "தேக்கம் வந்ததும் கடையை மூடிவிட வேண்டுமா? 2020இல் அவசரப்பட்டு மூடியவர்கள் பின்னர் வருந்தவில்லையா? பொறுத்திருந்தவர்களுக்கு 2022 ஏப்ரல் 1 அன்று எல்லை திறந்து, வியாபாரமும் திரும்பவில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸபர் என்பது நம் மார்க்கத்தில் பெரிய பதவி உடையது. பொறுத்திருந்து வென்றவர்களை நாம் அறிவோம்.

ஆனால் வெளித்தோற்றத்தில் பொறுமையும் பிடிவாதமும் ஒன்று போலவே இருக்கும். அதே எல்லை மூடிய காலத்தில் காத்திருந்த இரண்டு நாணய மாற்று வியாபாரிகளை மனத்தில் கொள்ளுங்கள். இருவர் கடையிலும் கூட்டமில்லை. இருவரும் துஆச் செய்கிறார்கள். ஒருவர் தம் சேமிப்பை எடுத்து வாடகை கொடுக்கிறார். வீட்டுச் செலவைப் பாதியாகக் குறைக்கிறார். கடை உரிமையாளரிடம் போய் நிலையைச் சொல்லித் தவணை கேட்கிறார். மற்றவர், ஊருக்கு அனுப்பச் சொல்லி ஒரு தொழிலாளி நம்பிக் கொடுத்த தொகையிலிருந்து வாடகை கொடுக்கிறார். "அடுத்த வாரம் போட்டுவிடலாம்" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். தெருவில் போகிறவருக்கு இருவரும் பொறுமைசாலிகள். அல்லாஹ்விடம் இருவரும் ஒன்றாவார்களா?

எனவே பொறுமையை உரைத்துப் பார்க்க ஒரே ஓர் உரைகல் போதும். நாம் காத்திருக்கும் காலத்தில் செலவாவது யாருடைய பணம்? நம் பணம் செலவானால், அல்லது உண்மையை அறிந்து மனமொப்பிக் கொடுத்தவரின் பணம் செலவானால், அது ஸபர். அறியாத ஒருவரின் பணம் செலவானால் அதற்கு ஸபர் என்று பெயரில்லை. மொத்த வியாபாரியின் தவணையும், சிப்பந்தியின் சம்பளமும், அமானத்தாக வந்த காசும் நம் நம்பிக்கைக்கு விறகு ஆகக் கூடாது. தன் தவக்குலுக்குத் தானே விலை கொடுப்பவன்தான் முத்தவக்கில்.

நாயகத் தோழர் ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறு இதற்கு வெளிச்சம் தருகிறது. மக்கள் தம் பணத்தை அவர்களிடம் அமானத்தாக ஒப்படைக்க வருவார்கள். அமானத்தாக வேண்டாம், அது தொலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன், கடனாக இருக்கட்டும் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அமானத்துப் பொருள் காவலனின் தவறின்றித் தொலைந்தால் உரியவருக்கே நஷ்டம்; கடன் என்றால் வாங்கியவரே திருப்பித் தர வேண்டும். ஆபத்தைத் தம் தலைமேல் தாமே ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் மறைந்தபோது கடன் 22 இலட்சமாக இருந்தது. மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் நிலத்தை விற்றுக் கடனை அடைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், ஜுபைர் கடன்பட்டது யாருக்கேனும் இருந்தால் வந்து பெற்றுக்கொள்ளும்படி பகிரங்கமாக அறிவிக்கச் செய்தார்கள். அதன் பிறகே வாரிசுகளுக்குப் பங்கு பிரித்தார்கள். நாம் கடன்காரரைக் கண்டால் தெருவின் அடுத்த பக்கம் போகிறோம். அவர்களோ கடன்காரரைத் தேடிக் கூவி அழைத்தார்கள்!

கடன் விட்டுச் சென்ற ஒருவருடைய ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அதை அடைக்க வழியில்லை என்று அறிந்த நபியவர்கள் தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்ததும் புகாரியில் உள்ளது. அந்தக் கடன் சில தீனார்கள்தாம். அப்படியானால் ஆயிரக்கணக்கில் பாக்கி வைத்துக்கொண்டு, "கடையை மூடினால் மானம் போய்விடும்" என்று மேலும் கடன் வாங்கும் நம் நிலை என்ன? மானம் போகும் என்பது மெய்தான். ஆனால் இன்று கடையை மூடினால் எல்லாருக்கும் கொடுத்துத் தீர்க்கலாம், இன்னும் ஒரு வருடம் இழுத்தால் பாதிப் பேருக்கே கொடுக்க முடியும் என்ற நிலை வரும்போது, மூடுவதும் ஒரு கடமையாகிவிடுகிறது. அந்நேரம் மூடுபவர் தோற்றவர் அல்லர், அமானத்தைக் காத்தவர்.

சிறியதிலிருந்து தொடங்குவோம்

மூடும் நிலைக்கு முன்பே செய்யக்கூடியவை பல உண்டு. அவற்றுக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் முதலின்மை அன்று, வெட்கம்தான்.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவில் வசதியாக வாழ்ந்தவர்கள். மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார்கள். அன்சாரித் தோழர் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அதற்காக அவருக்கு பரக்கத் வேண்டித் துஆச் செய்துவிட்டு, அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கேட்டது ஒன்றுதான்: சந்தை எங்கே இருக்கிறது? கைனுகா சந்தைக்குப் போய்ப் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். பின்னாளில் அவர்கள் பெருஞ்செல்வரானதை நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்த நெய்யையும் பாலாடையையும் மறந்துவிடுகிறோம்.

நம் சந்தை இன்று எங்கே இருக்கிறது? அடுக்குமாடி வீடுகளின் கீழே இருக்கிறது. வாடிக்கைக்காரரின் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. முதலாளியாக இருந்தவர் பொட்டலம் கட்டி வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பதா என்று தயங்குகிறோம். பெரிய கடையைப் பாதியாகச் சுருக்குவதா என்று தயங்குகிறோம். இருபது வயது மகளோ மருமகனோ சொல்லும் யோசனையைக் கேட்பதா என்று தயங்குகிறோம். இந்தத் தயக்கத்துக்கு நாம் மாதந்தோறும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

அசையாத சரக்கை விற்றுப் பணமாக்குவது முதல் வேலை. ஆனால் அதிலும் ஓர் எல்லை உண்டு. சந்தையில் குவித்திருந்த தானியத்துக்குள் கையை விட்டுப் பார்த்த நபியவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரி நனைந்ததை விற்கக் கூடாது என்று நபியவர்கள் தடுக்கவில்லை; மறைத்து விற்பதையே கண்டித்தார்கள். பழைய துணியைப் பழையது என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பதில் இழிவு ஏதுமில்லை. நாள் கடந்த மசாலாத் தூளைப் புதுப் பையில் மாற்றிக் கட்டுவதும், தராசைச் சற்றே சாய்ப்பதும், சிப்பந்தியின் கூடுதல் வேலைக்குக் கணக்கு எழுதாமல் விடுவதும் தேக்கத்துக்கு மருந்தல்ல. கடையில் தேங்கிய நோயைக் கல்புக்கு மாற்றிக்கொள்வதே அதன் பலன்.

நம் அனைவரின் பங்கு

தேக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு ஒதுங்குவது நியாயமாகாது. நம்மில் கடன் கொடுத்தவர்களும் இருக்கிறோம். கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், அதைத் தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்ததென்றும் பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் போதிக்கிறது. உண்மையைச் சொல்லி அவகாசம் கேட்டு வரும் சிறு கடைக்காரரை, அவர் வாசற்படி இறங்குமுன்பே ஊரெல்லாம் பேசிக் கேவலப்படுத்தினால், அடுத்தவர் யாரும் உண்மையைச் சொல்ல வரமாட்டார்கள். மறைப்பவர்களை வளர்ப்பது பல வேளைகளில் நம் நாக்குத்தான்.

சங்கங்களின் விருந்தும் விழாவும் இருக்கட்டும். கணக்கு அறிந்த இரண்டு பெரியவர்கள், மாதத்தில் ஓர் இரவு இஷாவுக்குப் பின் உட்கார்ந்து, சிறு கடைக்காரர்கள் கொண்டுவரும் பேரேட்டை இரகசியம் காத்துப் பார்த்துக் கொடுத்தால் அது எத்தனை பெரிய தர்மம்! வட்டிக்காரன் வாசலுக்குப் போகுமுன் ஒருவருக்கு வட்டியில்லாத கடனாக மூன்று மாத வாடகையைக் கொடுக்க ஒரு சிறு நிதி இருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பும்! அபூகதாதா (ரலி) அவர்கள் செய்தது இதுதானே? அவர்கள் இறந்தவருக்காகச் செய்தார்கள். நாம் உயிரோடு இருக்கும்போதே செய்யலாமே!

சகோதரர்களே! ஒரு சமுதாயம் தன் உள்ளத்தில் உள்ளதை மாற்றிக்கொள்ளாதவரை அல்லாஹ் அதன் நிலையை மாற்றுவதில்லை என்பது ரஃது அத்தியாயம் தரும் பாடம். அந்த மாற்றம் பெரிய முதலோடும் புதிய பெயர்ப்பலகையோடும் தொடங்குவதில்லை. இன்றிரவு கடையடைத்த பிறகு, விளக்கை அணைக்குமுன், பேரேட்டை எடுத்து மூன்று வரிகளை எழுதிப் பாருங்கள். எனக்கு வரவேண்டியது எவ்வளவு? நான் கொடுக்க வேண்டியது எவ்வளவு? இந்த மாதம் நான் சாப்பிட்டது யார் பணத்தில்? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதக் கை நடுங்கினால், மறுநாள் காலையில் போக வேண்டிய முதல் இடம் எது என்பது உங்களுக்கே தெரியும். அங்கே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்து கடையைத் திறந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி உட்காருங்கள். அன்று உங்கள் கடையில் கூட்டம் வராமல் போகலாம். ஆனால், "அல்லாஹ் கிருபையில் ஓடுகிறது" என்று நீங்கள் அன்று சொன்னால், அந்தச் சொல்லில் திரை இருக்காது.

வல்ல ரஹ்மான் நம் கடைகளில் பரக்கத்தையும், நம் கணக்குகளில் உண்மையையும், நம் கடன்களுக்குத் தீர்வையும் தந்தருள்வானாக! ஆமீன்.